துப்பட்டிக்குள் கேமரா

கொழும்புக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு 1956இல் பெரியபட்டினம் திரும்பிய சதக்கத்துல்லா, கூடவே ஒரு பெட்டிக் கேமராவும் கொண்டுவந்தார். மனிதர்களைப் படமெடுக்க அவருக்கு ஆசையில்லை. வீட்டுக் கொல்லையில் முருங்கைக்கும் மாதுளைக்கும் வந்துபோகும் பறவைகளைத்தான் எடுத்தார். தேன்சிட்டும் செண்பகமும் சிக்கின. கொண்டலாத்தி மட்டும் சிக்கவில்லை. சுலைமான் நபிக்குச் சேதி கொண்டுவந்த பறவையென்று அதன்மேல் அவருக்குத் தனிப் பிரியம். அதுவோ அவர் தலையைக் கண்டதும் கொண்டையை விசிறிபோல் விரித்துக் காட்டிவிட்டுப் பறந்துவிடும்.

அவர் மனைவி உம்மு ஹபீபாவின் காலடியில் மட்டும் அது சாவகாசமாக மண்ணைக் கிளறும்.

“ஒன்னயக் கண்டு ஏன் பறக்க மாட்டேங்குது?”

“நான் அத மொறச்சுப் பாக்குறதில்ல மச்சான்.”

அவள் போர்த்தியிருக்கும் வெள்ளைத் துப்பட்டிதான் காரணம் என்று அவர் முடிவுகட்டினார். மறுநாள் காலையில் கொடியில் கிடந்த துப்பட்டியை எடுத்துத் தலையோடு போர்த்தி, கேமராவை அதன் இடுக்கில் மறைத்து, களை பிடுங்குவதுபோல் மாதுளையடியில் குந்தினார். கொண்டலாத்தி வந்தது. கூடவே வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு ரம்ஜான் பீவியும் வந்துவிட்டாள்.

“என்ன ஹபீபா, விடிஞ்சதும் களையெடுக்க உக்காந்துட்ட? ஒம் மாப்பிள்ள இன்னும் ஒறங்குறாரா?”

துப்பட்டி தலையாட்டியது.

“ஒறங்கட்டும். எந்திரிச்சா குருவி பின்னாலதான அலையப் போறாரு. தண்ணி ஓதிக் குடுத்துப் பாரு.”

அவர் பல்லைக் கடித்தார்.

“ஏர்வாடி தர்கா சந்தனக்கூட்டுக்கு நாளைக்கு வண்டி கட்டுறோம். போன வருசந்தான் ஒம் மாப்பிள்ள விடல. இந்த வருசமாச்சும் வாரியா?”

பதில் வராவிட்டால் அவள் வேலியைச் சுற்றி வந்துவிடுவாள். தலையாட்டினார்.

“மூணு நாளு தங்குவோம்.”

அதற்கும் ஆட்டினார். அந்த நேரம் கொண்டலாத்தி அவர் முன்னால் வந்து நின்று கொண்டையை விரித்தது. பொத்தானை அமுக்கினார்.

“என்ன சத்தம் அங்கன?”

இருமி மழுப்பினார். இருமல் கனமாக வந்தது.

“தொண்டை இப்படிக் கட்டிருக்கே. ஏர்வாடி வா, சரியாப் போயிரும்” என்று சொல்லிவிட்டுப் போனாள் ரம்ஜான் பீவி.

வீட்டுக்குள் நுழைந்தால், அடுக்களை சன்னலில் ஹபீபா நின்றிருந்தாள்.

“மூணு நாளைக்கு எத்தன சேல எடுத்து வைக்கட்டும் மச்சான்?”

“பாத்துக்கிட்டா இருந்த? கூப்பிட்டிருக்கலாம்ல.”

“நல்ல சேதிதான நடந்துச்சு. எதுக்குக் குறுக்க வாரது?”

ஹபீபா போய்வந்த மறுவாரம் ராமநாதபுரத்திலிருந்து படம் வந்தது. பெட்டிக் கேமராவுக்குக் கிட்டத்தில் இருப்பது தெளியாது. கொண்டலாத்தி கலங்கிப் பழுப்புக் கறையாகக் கிடந்தது. அதன் பின்னால், வேலிமேல் கையை நீட்டி வாயைத் திறந்தபடி, ஒரு மயிரிழைகூடப் பிசகாமல் ரம்ஜான் பீவி இருந்தாள். அவர் அதை ஒளித்துவைப்பதற்குள் அவளே வந்து பார்த்துவிட்டாள்.

“இது யாரு எடுத்தது?”

சதக்கத்துல்லாவின் முகம் வெளிறியது.

“நாந்தான் லாத்தா. துப்பட்டிக்குள்ள வச்சிருந்தேன்” என்றாள் ஹபீபா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

ரம்ஜான் பீவி படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவளுக்கு இதுதான் முதல் படம்.

“வாய மூடுனாப்புல இன்னொன்னு எடு. சேல மாத்திட்டு வாரேன்.”

அவள் போனதும் சதக்கத்துல்லா மறுபேச்சில்லாமல் புது பிலிமை மாட்டிக் கொடுத்தார். எதை அமுக்குவது என்று ஹபீபா அவர் காதோரம் கேட்டாள்.