மிஸ்ஸியின் சைக்கிள் நின்ற வீடு

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறுவருஷம், மலாக்காவின் காஜா பெராங்கில் துணிக்கடை வைத்திருந்த நாகூர் மீரானுக்குக் காலில் புண் வந்தது. சர்க்கரை வியாதிப் புண். கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். கடையைச் சாக்காகச் சொல்லிப் போகாமல் இருந்தார். கடைசியில் ஊரார் மிஸ்ஸி என்று கூப்பிடும் நர்ஸ் பாக்கியலட்சுமியே சைக்கிளில் வீடு தேடி வந்துவிட்டாள்.

"இப்படியே விட்டா கால் அழுகிடும், பாய். ஆறுற வரைக்கும் நானே வந்து கட்டுறேன்."

மீரானுக்குக் காலைவிட ஊர்வாய்தான் பெரிய பயம். மனைவி ரஹீமாவிடம், "யாராச்சும் கேட்டா, மிஸ்ஸி உனக்காக வந்தான்னு சொல்லிடு" என்றார்.

அந்தத் தெருவில் மிஸ்ஸியின் சைக்கிள் அதுவரை பிள்ளைத்தாய்ச்சி வீட்டு வாசலில்தான் நின்றிருக்கிறது. அதை இருவரும் யோசிக்கவில்லை. பக்கத்து வீட்டு மஜீதா கேட்டபோது, ஐம்பதைத் தாண்டிய ரஹீமா, "எனக்காகத்தான்" என்றாள்.

மறுநாள் மஜீதா மாங்காய் ஊறுகாயோடு வந்தாள். "குனிஞ்சு வீடு கூட்டாதீங்க, ராத்தா" என்றாள். ஏதோ பாசம் என்று ரஹீமா வாங்கி வைத்தாள்.

சாயங்காலம் மருமகன் கபீர் புக்கிட் ரம்பாயிலிருந்து வந்து, மாமனார் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தான்.

"உங்க மக அழுதுகிட்டே இருக்கா, மாமா. எங்களுக்கே இன்னும் இல்ல. அதுக்குள்ள உங்களுக்கு..."

"எங்களுக்கு என்ன?"

"குழந்தை."

ரஹீமா அகப்பையோடு வெளியே வந்தாள். "நீங்களே போய்ச் சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

மீரான் நொண்டிக்கொண்டே வாசலுக்குப் போய்க் கைலியைத் தூக்கிக் கட்டைக் காட்டினார். "சர்க்கரை வியாதி எனக்குத்தான்! ரஹீமாவுக்கு ஒண்ணுமில்ல!"

தெருவே சிரித்தது.

மிஸ்ஸி அடுத்து வந்தபோது கூடத்தில் வேறு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மளிகைக்கடை அப்துல் ஹமீதுக்குக் கால் மரத்துப்போகிறதாம். முடிவெட்டும் சுப்பையனுக்கு ஓயாத தாகமாம்.

"இத்தனை நாளா ஏன் ஆஸ்பத்திரிக்கு வரல?"

"சீக்காளின்னு பேராயிடும், மிஸ்ஸி. இப்பதான் துணைக்குப் பாய் இருக்காரே" என்றார் சுப்பையன்.

பாக்கியலட்சுமி சிரிப்பை அடக்கிக்கொண்டு, சிறுநீர் பிடித்து வரச் சொன்னாள். சுப்பையன் கண் அலமாரியிலிருந்த சர்பத் போத்தல்மேல் போனது.

"என் சிரப்பு போத்தலைத் தொட்டீங்க, கையை ஒடிச்சிடுவேன்!" என்றாள் ரஹீமா. இருவரும் அவரவர் வீட்டுக்கு ஓடினார்கள்.

பிறகு வாராவாரம் அந்தக் கூடத்தில் கூட்டம் கூடியது. புண் ஆறிவந்த மீரான், பெரிய டாக்டர் மாதிரி நடுவில் உட்கார்ந்து, "வாயைக் கட்டணும், ஹமீது. சீனியைக் கண்ணாலயும் பாக்கக்கூடாது" என்று புத்தி சொல்ல ஆரம்பித்தார்.

அடுப்படியிலிருந்து ரஹீமாவின் குரல் வந்தது: "நேத்து டோடோல் அல்வாவை ஒளிச்சு வச்சுத் தின்னது யாருன்னு சொல்லட்டுமா?"

கட்டுப் போட்டுக்கொண்டிருந்த பாக்கியலட்சுமி நிமிர்ந்தாள்.

"சொல்லுங்கம்மா."