பின்கழுத்து

நிச்சயதார்த்தத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தபோதுதான் பஞ்சநதத்துக்குக் கல்யாணத்தன்று போடும் மூன்று முடிச்சு நினைவுக்கு வந்தது. தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டும் நாத்தனாருடையவை. அவள் பெண்ணின் பின்னலைத் தூக்கிப் பிடித்துத்தான் போட வேண்டும். தூக்கினால், மகள் ஜெயபாரதியின் பின்மண்டையிலிருந்து கழுத்துக்கு இறங்கும் தழும்பு தெரியும். மூன்று வருஷமாக ஊர் கண்ணில் படாமல் காத்தது, மண்டபம் நிறைய ஜனம் பார்க்க, கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் வெளியே வந்துவிடும்.

விபத்து பூதலூர் ரயில்வே கேட்டைத் தாண்டி நடந்தது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தவளை, அறுவடை இயந்திரம் ஏற்றி வந்த லாரி உரசித் தள்ளியது. கை காலில் வெறும் சிராய்ப்பு. உடைந்தது கழுத்தின் இரண்டாவது எலும்பு. ஸ்கேன் எடுத்த தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் செய்ய டாக்டர்கள் இருந்தார்கள். பஞ்சநதம் சம்மதிக்கவில்லை. தஞ்சாவூரில் எந்த வார்டில் நுழைந்தாலும் ஒரு தெரிந்த முகம் இருக்கும். கழுத்துக்குப் பட்டை கட்டி, ஆம்புலன்ஸில் மூன்று மாவட்டம் தாண்டிக் கொண்டுபோனார். வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் மகள் உயிர் போய்த் திரும்பியதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மண்டையோட்டில் ஒரு தகடு, அதிலிருந்து கழுத்தெலும்புகளுக்கு இரண்டு கம்பி, இறுக்க எட்டுத் திருகாணி. எல்லாம் டைட்டானியம்.

"எலும்பு ஒட்டுற வரைக்கும் இது பிடிச்சுக்கும், அப்புறம் எலும்பே தாங்கிக்கும்" என்றார் டாக்டர். "பிள்ளை பெத்துக்கலாம், வேலைக்குப் போகலாம். தலை மட்டும் குனியாது, திரும்பாது. குனியணும்னா இடுப்போட குனியணும்."

ஊருக்கு, மகள் பயிற்சிக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னார். மழித்த தலைக்கு வைத்தீஸ்வரன் கோயில் வேண்டுதல் என்றார். அடுத்தவன் முறையில் ஒரு மடைத் தண்ணீர்கூடத் தன் வயலுக்குத் திருப்பாத மனிதர். அவர் சொன்னால் பொய்யாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. முடி வளர்ந்ததும் சவுரி வைத்துப் பின்னல் போட்டார்கள்.

கும்பகோணத்துச் சம்பந்தம் அமைந்ததே அந்தக் கழுத்தால்தான். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா ஞானாம்பாள், கணவர் போனபின் பித்தளைப் பாத்திரக் கடையைத் தனியாக நடத்துகிறவள். காபித் தட்டோடு வந்த ஜெயபாரதி தலையைக் குனியாமல் நேரே பார்த்ததும் அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

"குனிஞ்சுக்கிட்டே நிக்கிற பொண்ணுங்கள நிறைய பார்த்தாச்சு. இது நம்ம வீட்டுக்கு ஆகுற பொண்ணு" என்றாள்.

குனியாததன் காரணத்தைப் பஞ்சநதம் அன்றைக்குச் சொல்லவில்லை. இப்போது மனைவி அகிலாண்டத்திடம் முடிச்சு விஷயத்தைச் சொன்னபோது, அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"சொல்லிடுவோங்க. அவங்க நல்ல மாதிரியாத்தான் தெரியுறாங்க."

"என்னன்னு சொல்றது? பழுது பார்த்த பொண்ணுன்னா? பூச்சடை அடர்த்தியா வச்சுத் தைக்கச் சொல்லு. சடையத் தூக்க வேணாம், கீழே கையவிட்டுப் போடட்டும்."

கூடத்து வாசலில் நின்று ஜெயபாரதி கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கே தன் எக்ஸ்ரே படத்தை மாப்பிள்ளை சூர்யபிரகாஷுக்கு அனுப்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கும்பகோணத்திலிருந்து கார் வந்தது. ஞானாம்பாள், சூர்யபிரகாஷ், அவன் அக்கா தமிழ்நிலா. தட்டில் வெற்றிலை, பழம், பூ. பஞ்சநதம் வரவேற்று உட்கார வைத்தார். நிச்சயத்துக்குப் புடவை எடுக்கும் பேச்சு என்று நினைத்தார்.

"சூர்யா படத்தக் காட்டினாண்ணே" என்று ஞானாம்பாள் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். "எட்டு ஸ்க்ரூ! எங்க கடையில அண்டாவுக்குக் காது வைக்கவே நாலு ஆணிதான் அடிப்போம். கெட்டியான பொண்ணு!"

தமிழ்நிலாவும் சிரித்தாள். உள்ளேயிருந்து ஜெயபாரதியின் சிரிப்பும் கேட்டது. பஞ்சநதத்தின் காது மடல் சூடேறியது.

"யாரு அனுப்பினா?"

"அவதான் அனுப்பினா. மறைக்காம சொன்னாளே, அதுவே பெருசு. பரவாயில்லண்ணே. குறை இல்லாத வீடு எது? நாங்க அதையெல்லாம் பெருசா எடுத்துக்குறவங்க இல்ல. முடிச்சு போடறப்ப நம்ம தமிழ்நிலாவே மறைச்சு நின்னு போட்டுடுவா. நீங்க எதுக்கும் கவலப்படாதீங்க."

அவள் சொன்னதில் கள்ளமில்லை. அது பஞ்சநதத்துக்கும் தெரிந்தது. கள்ளம் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பார். சண்டைக்குப் பிறகு சமாதானமும் ஆகியிருக்கும். இது தானம். அவர் வீட்டு வாசலில் தானம் கொடுத்துத்தான் பழக்கம். இனி ஒவ்வொரு தீபாவளிக்கும், ஒவ்வொரு சீமந்தத்துக்கும், அவர் நின்று வாங்கிக்கொள்ள வேண்டிய 'பரவாயில்லை' இது.

"என் பொண்ணுக்கு யாரும் பரவாயில்ல சொல்ல வேண்டியதில்லம்மா" என்றார்.

"மாமா, அம்மா அந்த அர்த்தத்துல சொல்லல" என்றான் சூர்யபிரகாஷ்.

"நான் உனக்கு இன்னும் மாமா ஆகல தம்பி."

ஜெயபாரதி கூடத்துக்கு வந்தாள். "எனக்கு ஒண்ணும் குத்தலப்பா. எனக்கு இவங்களப் பிடிச்சிருக்கு."

"உள்ள போ."

அவள் போகவில்லை. பஞ்சநதம் எழுந்து, வெற்றிலைத் தட்டை இரண்டு கையாலும் மரியாதையாக எடுத்து, ஞானாம்பாளின் முன்னால் திருப்பி வைத்தார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

ஞானாம்பாள் தட்டைக் கையில் எடுத்தாள். "பொண்ணுக்குத்தான் கழுத்துல கம்பின்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். சூர்யபிரகாஷ் ஜெயபாரதியைப் பார்த்தான். அவள் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கார் போயிற்று.

மறுநாள் ஜெயபாரதி சவுரியை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தாள். தஞ்சாவூரில் முடியைக் கழுத்துக்கு மேலே வெட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். பஸ்ஸில், கடைத்தெருவில், கோயிலில், பின்னால் நின்ற எல்லோரும் தழும்பைப் பார்த்தார்கள். ஞானாம்பாள்தான் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள் என்று பஞ்சநதம் நம்பினார். உண்மையில் ஞானாம்பாள் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை.

அதன் பிறகு அவர் எங்கே போனாலும் அந்தச் சொல் முன்னால் வந்து நின்றது. உரம் வாங்கப் போன இடத்தில், "பாப்பா கழுத்து இப்ப பரவாயில்லையாங்க?" வாய்க்கால் மதகில், "உயிர் தப்பிச்சதே, பரவாயில்லன்னு இருங்கய்யா." ஒரு கல்யாணப் பந்தியில் அவரைவிட வயதில் சின்னவன் ஒருவன் அவர் தோளைத் தட்டினான். வந்துகொண்டிருந்த இரண்டு ஜாதகங்கள் நின்றன. சூர்யபிரகாஷுக்கு ஆவணியில் வேறு இடத்தில் கல்யாணம் முடிந்தது. பத்திரிகை வந்தது. அகிலாண்டம் அதை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் செருகினாள்.

ஐப்பசியில் ஒரு காலை நாகம்மாள் வந்தாள். வரன் பார்த்துச் சொல்கிறவள்.

"பட்டுக்கோட்டப் பக்கம் ஒரு இடங்கய்யா. வயசு நாப்பத்திரண்டு. மொத சம்சாரம் தவறிடுச்சு, ஆறு வயசுல ஒரு புள்ள. நம்ம பாப்பா விஷயம் சொன்னேன். அதெல்லாம் பரவாயில்லன்னுட்டாங்க."

அகிலாண்டம் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணவர் நாகம்மாளை வெளியே போகச் சொல்வார் என்று காத்திருந்தாள். பஞ்சநதமும் அதற்குத்தான் வாயைத் திறந்தார்.

"ஊரு எது?" என்று கேட்டார்.

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் பையோடு வந்த ஜெயபாரதி நின்றாள். அப்பாவைப் பார்க்க உடம்பு முழுவதையும் திருப்ப வேண்டும், திருப்பினாள். பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கி, பஸ்ஸுக்கு நடந்தாள்.

"எதுத்துப் பேசாமப் போவுது பாருங்க, சம்மதந்தான்" என்றாள் நாகம்மாள்.

பஞ்சநதம் இல்லை என்று சொல்லவில்லை.