இடக்கைத் தேத்தண்ணி

என் கணவர் துஷ்யந்தன் இறந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, வெள்ளைத் துணிப்பைகளில் அவருடைய படத்தை ஒட்ட நினைத்தேன். ரூ காய் தெருவில் அவர் வேலை செய்த சாப்பாட்டுக் கடையில் எடுத்த படம். இடக்கையால் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டியபடி சிரிக்கிறார்.

படத்தை அதற்கென்று விற்கும் தாளில் அச்சடித்து, துணியில் கவிழ்த்து வைத்து இஸ்திரிப்பெட்டியால் அழுத்தினேன். ஆறியதும் தாளை உரித்தேன். கவிழ்த்து ஒட்டுவதால் படத்தை முதலிலேயே இடம்வலம் மாற்றி அச்சடிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. எல்லாப் பைகளிலும் அவர் வலக்கையால் கோப்பையை நீட்டினார்.

"அண்ணை மேலை போய்க் கையை மாத்திட்டார் போல, அண்ணி," என்றான் அவர் தம்பி கரிகாலன்.

சின்ன வயதில் அந்த இடக்கைக்காக தன் அம்மாவிடம், என் மாமியிடம், நிறைய அடி வாங்கியவர் அவர். மாமிக்காவது இந்தப் படம் பிடிக்கும் என்று ஒரு பையை நீட்டினேன். மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது என்ர பிள்ளையின்ர கை இல்லை. மாத்தித் தாறியே, பிள்ளை?"

ஒரு தாள் மிஞ்சியிருந்தது. இந்த முறை சரியாகத் திருப்பி அச்சடித்து ஒட்டிக் கொடுத்தேன். மாமி அந்த இடக்கையை விரலால் தடவினார்.

"இந்தக் கையாலைதான் எனக்கும் தேத்தண்ணி கொண்டு வருவான்," என்றார். "அப்ப நான், அவன் கையை மாத்தித் தந்தால்தான் வாங்குவன்."