மச்சான் பூசிய சுவர்

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, பேரம் பேசி வாங்கினேன். என் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்த நகராட்சிப் பெயிண்டர் ஏணியில் நின்றபடி சொன்னது. "எழுதினா என்னை நல்லவனாக் காட்டாதீங்க. அப்புறம் ஆளாளுக்கு உதவி கேட்டு வருவாங்க" என்றார். சொன்ன விலைக்கு எதையும் வாங்காத குடும்பத்தில் பிறந்தவன் நான். பாதி நல்லவர் என்று முடித்துக்கொண்டோம்.

2

முதல் தொடக்கம்: 'கலை என்பது அதிகாரத்துக்கு எதிராக எழும் தீராத...'

வேண்டாம். கண்காட்சி மலரில் இதை ஏற்கெனவே ஒருவர் எழுதிவிட்டார்.

இரண்டாவது: அவனுக்கு ஊர் வைத்த பெயர் சுவர்க்கிறுக்கன். (இன்று அழைப்பிதழில் அதையே தங்க எழுத்தில் அச்சடிக்கிறார்கள்.) ஸ்ப்ரே டப்பாவும் கையுமாக அலைந்து, கண்ட சுவரில் எல்லாம் மூக்கு நீண்ட அதிகாரிகளை வரைந்தவன். புகார் போகும். நகராட்சியிலிருந்து சாம்பல் நிறப் பெயிண்ட் வாளியோடு ஓர் ஆள் வருவார். அந்த ஆள், கிறுக்கனுடைய மனைவியின் அண்ணன்.

காலையில் இவன் வரைவான், மதியம் அவர் அழிப்பார், சாயங்காலம் ஒரே மேஜையில் டீ.

"மூக்கைக் கொஞ்சம் குட்டையாப் போடேன் மாப்ள. தோள்பட்டை கழண்டு போகுது."

"பாதி மூக்கோட விட்டுருங்க மச்சான், யாரு கேக்கப் போறா."

மச்சான் முழுச் சுவரையும் பூசமாட்டார். படம் இருக்கும் இடத்தை மட்டும் கட்டம் கட்டி மறைப்பார். நகராட்சி தரும் சாம்பலோ வாளிக்கு வாளி வேறு. பதினொரு வருடத்தில், அவன் ஓயாமல் வரைந்த பழைய கிடங்குச் சுவர் முழுக்கக் கட்டத்தின் மேல் கட்டம், சாம்பலின் மேல் சாம்பல்.

3

பிறகு கிறுக்கன் கேன்வாஸுக்கு மாறினான். மூக்குகள் விலைபோயின. அதிகாரிகளே வாங்கி மாட்டினார்கள், பக்கத்து அறைக்காரரின் மூக்கு என்று நினைத்து.

அருங்காட்சியகத்துக்கு அவனுடைய ஆரம்பகாலச் சுவர் ஒன்று வேண்டும் என்று, அவன் படங்களை விற்றுத்தந்த ஆர்ட் காலரி அம்மாள் கிளம்பினார். கிடங்குச் சுவரின் முன் நின்றவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்தச் சாம்பல்... இது உங்க மௌன காலம், இல்லையா?"

"ம்" என்றான்.

(அடிக்குறிப்பு: இந்த 'ம்'மை மாற்ற என்னாலானதைச் செய்தேன். இருமவிட்டேன், போன் அடிக்கவிட்டேன். ஆள் மசியவில்லை.)

சுவரைப் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைப்பதாக முடிவாயிற்று. தன் படைப்பு என்று அவன் அந்தச் சுவரில் கையெழுத்துப் போட்டால் மற்ற படங்களும் உள்ளே போகும். போடாவிட்டால் ஒன்றும் போகாது.

4

மனைவி சொன்னாள்: "அந்தச் சுவர்ல தெரியறது பூராவும் எங்கண்ணன் தோள்வலி."

"அடியில என் படம் இருக்கே."

"அடியில இருக்கறதைப் பாத்தா அந்தம்மா அழுதாங்க?"

இவளை ஒரு பிரதியில் நீக்கிப் பார்த்தேன். இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவர்கள் கதைக்கு ஆகாது. ஆனால் இவள் போனதும் கிறுக்கன் என் பக்கங்களில் நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டுக்கொண்டேன்.

5

கையெழுத்து நாள். கேமராக்கள், மாலைகள். "வலது மூலையில" என்று காலரி அம்மாள் பிரஷ்ஷைக் கொடுத்தார். கிறுக்கன் குனிந்தான்.

கூட்டத்தின் ஓரத்திலிருந்து, வாளியோடு நின்ற மச்சான் சொன்னார்: "அந்த மூலையில வேணாம் மாப்ள. ராத்திரி எவனோ போஸ்டர் ஒட்டிட்டான்னு இப்பத்தான் புதுசாப் பூசினேன். இன்னும் காயல."

பாவம், மனுஷன் வேலை சுத்தத்துக்காகச் சொன்னது. (பாதி நல்லவர் என்றுதானே பேச்சு. மீதிப் பாதி என்ன நினைத்துச் சொன்னது என்று அவர் எனக்குச் சொல்லவில்லை.)

காலரி அம்மாள் கிறுக்கனைப் பார்த்தார். "யாரு இவரு?"

6

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

'என் உதவியாளர்.' அருங்காட்சியகம் திறக்கிறது, வீடு மூடுகிறது.

'இதை வரைஞ்சவர்.' மச்சானுக்கு மாலை விழுகிறது. பொதுச்சுவரில் படம் வரைந்த குற்றத்துக்கு நகராட்சி அவரை வேலையிலிருந்து...

'என் மச்சான்.' பொய்யில்லை. இவன் பிழைக்கத் தெரிந்தவன் என்றால் இதைத்தான்...

இல்லை. நேராகவே கேட்டேன்: "உங்க மாப்ள உண்மையில என்னங்க சொன்னாரு?"

பெயிண்டர் ஏணியிலிருந்து இறங்கி, பிரஷ்ஷை வாளி விளிம்பில் வழித்தார். "அதை நீங்களே எழுதிக்கங்க. ஆனா எங்க தங்கச்சி முன்வரிசையில நின்னுட்டிருந்தா. அதை முதல்ல எழுதிட்டு, அப்புறம் எழுதுங்க."

எழுதிவிட்டேன். நிற்கிறாள். அவன் கையில் பிரஷ், எதிரில் ஈரச் சுவர்.

அடுத்த சொல் உங்களுடையது. இதில் நான் பேரம் பேசமாட்டேன்.