எட்டடி ஆழத்தில் அண்ணன்

அவளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். சேட்டைக்காக வைத்த பேர் இல்லை. நடக்கக் கற்றுக்கொண்டதிலிருந்து அண்ணன் போகிற இடமெல்லாம் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனதால் வந்த பேர். அண்ணன் நகரத்துப் பொது நீச்சல்குளத்தில் நீச்சல் மாஸ்டர். பள்ளிக்கூடம் விட்டதும் அவள் அங்கேதான் இருப்பாள். ஈரத் துண்டுகளை மடிப்பாள், சின்னப் பிள்ளைகளை அதட்டுவாள், அண்ணனின் விசிலைப் பிடுங்கி ஊதுவாள்.

"தலை இருக்கும்போது வால் ஆடக் கூடாது" என்பான் அண்ணன்.

"ஆடாத வாலை எந்த நாயும் வச்சுக்காது" என்பாள் அவள்.

ஒரு சாயங்காலம் மூன்று பையன்கள் ஒரு பொடியனின் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அண்ணன் விசில் ஊதி மூன்று பேரையும் வெளியே அனுப்பினான். அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. குளத்தை மூடும் நேரம் வரை சைக்கிள் நிறுத்தும் இடத்தில் காத்திருந்தார்கள். ஒருவனிடம் கத்தி இருந்தது. ஒரு விசில் சத்தத்துக்கு ஓர் உயிர் போயிற்று.

அன்று முதல் வாலுவுக்கு உலகம் தண்ணீருக்குள் இருப்பதுபோல ஆகிவிட்டது. வகுப்பில் டீச்சரின் வாய் அசையும். சொல் பிறகுதான் வந்து சேரும். தெருவில் வண்டிகள் சத்தமில்லாமல் மிதந்து போகும். அப்பா கப்பலில் வேலை பார்ப்பவர். வந்து, அழுது, திரும்பிப் போனார். அம்மா ஆயத்த ஆடை செய்யும் இடத்தில் தையல் வேலைக்குப் போனாள், வந்தாள். ஒரே வீட்டில் இருந்த இரண்டு பேரும் அவன் பேச்சையே எடுக்கவில்லை. புண் ஒன்றுதான், தொட்டால் யாருக்கு அதிகம் வலிக்கும் என்று தெரியாமல் இருவரும் கையை மடக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

சில மாதம் கழித்து, பள்ளி விடுமுறையில், குளத்தை மறுபடி திறந்தார்கள். டிக்கெட் கிழிப்பவர் வாலுவைப் பார்த்துவிட்டு, காசு கேட்காமல் உள்ளே விட்டார். மத்தியான வேளை, ஆள் இல்லை. ஆழமான பக்கத்தில் இறங்கி, நெஞ்சில் இருந்த மூச்சையெல்லாம் வெளியே விட்டாள். மூச்சை விட்டால் உடம்பு கல் மாதிரி கீழே போகும். அண்ணன் சொல்லிக் கொடுத்தது.

அடியில் நீல ஓடுகள். அவற்றின் மேல் வெயில் வலை விரித்து ஆடிக்கொண்டிருந்தது. அந்த வலைக்கு நடுவே அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கழுத்தில் கயிறு, கயிற்றின் நுனியில் விசில் மேல்நோக்கி மிதந்தது. சட்டையில் ஒரு கறைகூட இல்லை. அவளைப் பார்த்ததும், என்ன இவ்வளவு நேரம் என்பது மாதிரி புருவத்தைத் தூக்கினான்.

இருவரும் எப்போதும் விளையாடும் விளையாட்டுதான். அடியில் உட்கார்ந்து ஒருவர் ஏதாவது சொல்ல வேண்டும். மற்றவர் குமிழியைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். அண்ணன் வாயைத் திறந்தான். குமிழிகள் வரிசையாக மேலே போயின. அவளுக்குப் புரியவில்லை. மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி போனாள். மறுநாளும் போனாள். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருந்தாள். அங்கே காது வலித்தது, நெஞ்சு வலிக்கவில்லை.

டிக்கெட் கிழிப்பவர்தான் ஒவ்வொரு தடவையும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நாள் பொறுக்க முடியாமல், அம்மா வேலை செய்யும் இடத்துக்குப் போன் போட்டு, "பொண்ணு உள்ள போனா மேல வர நேரமாகுதும்மா, எனக்கு பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டார். வாலுவுக்கு இது பிறகுதான் தெரிந்தது.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம், அண்ணன் எதையோ சொல்லிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே தண்ணீர் வெடித்ததுதான். வெள்ளைக் குமிழிகளுக்கு நடுவே ஒரு செருப்பு தனியாக மிதந்தது. துணி விரிந்தது. மஞ்சள் அளவு டேப் ஒன்று சுருள் பிரிந்து மெல்ல இறங்கி வந்தது. இதுவும் கனவுதான் என்று நினைத்தாள். அப்புறம்தான் அந்த முகத்தைப் பார்த்தாள். குளத்தின் ஓரத்தில் நிற்கவே பயப்படும் அம்மா, கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, கைகளால் தண்ணீரைத் துழாவி, மூழ்கிக்கொண்டே அவளைத் தேடினாள்.

அண்ணனைத் திரும்பிப் பார்க்க வாலுவுக்கு நேரமில்லை. தரையை உதைத்து எழும்பி, அம்மாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள்.

கரையில் அம்மா இருமி இருமித் தண்ணீரைக் கக்கினாள். வாலு அவள் முதுகைத் தட்டிக்கொண்டே கத்தினாள்.

"நீச்சல் தெரியாம எதுக்கும்மா குதிச்சே?"

"உனக்குத்தான் தெரியும்ல" என்றாள் அம்மா. மூச்சு திரும்பியதும் மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள். "அங்க என்னடி பண்றே?"

"அண்ணன் இருக்கான்."

அறை விழும் என்று எதிர்பார்த்தாள். அம்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கானா?"

"ம்."

"ஏதாவது சொன்னானா?"

"சொல்றான். எனக்குத்தான் புரியல."

அம்மா முகத்தில் ஒட்டிய முடியை ஒதுக்கினாள். இத்தனை மாதமாக நாக்கு நுனியில் வைத்திருந்ததை அப்போது கேட்டாள்.

"அன்னிக்குக் கடைசியா என்ன சொன்னான்?"

வாலு ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "'வாலு, உள்ள போ'ன்னான். நான் போயிட்டேன்மா. துணி மாத்துற ரூமுக்குள்ள போய் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டேன். அவன் வெளிய தனியா... சத்தமெல்லாம் கேட்டுச்சும்மா. நான் கதவைத் திறக்கவே இல்ல."

அம்மா அவளை இழுத்து ஈரத்தோடு ஈரமாக அணைத்துக்கொண்டாள்.

"அவன் சொன்ன பேச்சை நீ என்னிக்குடி கேட்டிருக்கே? அந்த ஒரு நாளாவது கேட்டியே. அந்த ஒரு நாளாவது கேட்டியே, என் தங்கமே."

பிறகு இருவரும் அழுதார்கள். வாய்விட்டு, சுவரெல்லாம் எதிரொலிக்க அழுதார்கள். டிக்கெட் கிழிப்பவர் துண்டுகளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, வானத்தில் எதையோ பார்ப்பதுபோல் நின்றார்.

பஸ்ஸில் சொட்டச் சொட்ட ஏறினார்கள். "குளிச்சா துவட்டிட்டு வரணும்மா" என்றார் கண்டக்டர்.

"அவசரத்துல மறந்துட்டோம்ப்பா" என்று சொன்ன அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் திரும்பி அழுகையாயிற்று. சீட்டை நனைக்காமல் வீடு வரை நின்றுகொண்டே போனார்கள்.

கோர்ட்டில் வாலு சாட்சி சொன்னாள். கதவுக்குப் பின்னால் கேட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். கத்தி வைத்திருந்தவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தண்டனை கிடைத்தது. போனவன் வந்துவிடவில்லை. ஆனால் அன்று நீதிபதி பேசியது அவள் காதில் தாமதமில்லாமல் விழுந்தது.

குளத்துக்கு இப்போதும் போகிறாள். விடுமுறை நாளென்றால் அம்மாவும் கூட வந்து, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அண்ணன் சில நாள் வருவான். சில நாள் வெயிலின் வலை மட்டும் ஆடும்.

"இன்னிக்கு இருந்தானா?" என்று கேட்பாள் அம்மா.

"இல்லம்மா."

"சரி, ஏறி வா. எனக்குப் பசிக்குது."