படுத்துவிட்ட ஜெர்சி மாடு

வெர்மான்ட் மலையில் இருந்த அந்தக் குடிலுக்கு ஏறி வர வான்மதிக்கும் இளமாறனுக்கும் இரண்டரை மணி நேரம் பிடித்தது. மகள் ஓவியாவுக்குப் பதினொரு வயது. முன்னால் ஓடுவதும் திரும்பி வருவதுமாக இருந்தாள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே மரங்கள் விலகி, பச்சைப் பசேலென்று மேய்ச்சல் நிலம் விரிந்தது. கோடை முழுக்க இருபத்திரண்டு மாடுகளுக்கு அதுதான் வீடு. மேய்வதும் கறப்பதும் சீஸ் செய்வதும் எல்லாம் அங்கேயே. மலையேற வருகிறவர்களுக்கு மாடியில் பலகைக் கட்டில்களும் கீழே சூடான சூப்பும் உண்டு.

எல்லாமே ஜெர்சி மாடுகள். "ஜெர்சி சிட்டிலேருந்து ஆறு மணி நேரம் drive பண்ணி வந்தது ஜெர்சியப் பாக்கவா?" என்று இளமாறன் சிரித்தான்.

குடிலை நடத்தும் மார்த்தாவின் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அவள் கணவன் சீஸை விற்கக் கீழே சந்தைக்குப் போயிருந்தான்.

மறுநாள் காலை, முந்தைய நாள் பிறந்த கன்றைப் பார்க்க ஓவியாவைக் கூட்டிக்கொண்டு வான்மதி கொட்டகைக்குப் போனாள். கன்று துள்ளிக்கொண்டிருந்தது. தாய் மட்டும் எழவில்லை. கழுத்தை வளைத்துத் தலையை விலாவில் சாய்த்துப் படுத்திருந்தது. வான்மதியின் கை தானாக மாட்டின் காதுக்குப் போனது. ஜில்லென்றிருந்தது. மூக்கு காய்ந்து கிடந்தது.

"பாவம், களைத்துப் போய்விட்டாள். தூங்கட்டும்" என்றாள் மார்த்தா.

"இது தூக்கம் இல்லை. ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிட்டது. விட்டால் மதியம் வரை தாங்காது."

மார்த்தா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஜெர்சி சிட்டியில் ஒரு daycareஇல் குழந்தைகளுக்கு டயப்பர் மாற்றி, தூங்க வைத்து, ஏழு வருடம் ஓடியிருந்தது. அதற்கு முன்னால் நாமக்கல்லில் ஐந்து வருடப் படிப்பும், தாராபுரம் பக்கம் கிராமம் கிராமமாகப் போய்ப் பார்த்த இரண்டு வருட வைத்தியமும் இருந்தன. கல்யாணமாகி விமானம் ஏறிய பிறகு அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை.

"நான் வெட்டினரி டாக்டர்" என்றாள்.

மார்த்தா மலையடிவாரத்து மாட்டு டாக்டரைப் போனில் பிடித்தாள். அவர் வேறொரு பண்ணையில் இருந்தார். வந்து சேர மூன்று மணி நேரம் ஆகும் என்றார். வான்மதி போனை வாங்கி, கண்டதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். இந்த நாட்டில் தனக்கு லைசென்ஸ் இல்லை என்பதையும் மறைக்கவில்லை.

"லைசென்ஸ் என்னிடம் இருக்கிறது. நான் லைனிலேயே இருக்கிறேன். நீங்கள் ஏற்றுங்கள்" என்றார் அவர்.

மருந்துப் பெட்டியில் கால்சியம் பாட்டில் இருந்தது. ஓவியாவை விட்டு அதை வெந்நீரில் இளஞ்சூடாக்கச் செய்தாள். இளமாறனைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, தலைக்கயித்த இப்படி இழுத்துப் புடிங்க. ஆட விடாதீங்க."

"நானா? எனக்கு மாடுன்னா..."

"புடிங்க!"

அவளிடமிருந்து அப்படியொரு குரலை அவன் கேட்டதே இல்லை. பிடித்துக்கொண்டான்.

கட்டை விரலால் கழுத்து நரம்பை அழுத்தினாள். அது புடைத்ததும் ஊசி ஒரே குத்தில் உள்ளே போனது. பன்னிரண்டு வருடம் கழித்தும் கை மறக்கவில்லை. பாட்டிலை ஓவியாவிடம் தூக்கிப் பிடிக்கக் கொடுத்துவிட்டு, மாட்டின் விலாவில் காதை ஒட்டி வைத்துக்கொண்டாள். மருந்து வேகமாக இறங்கினால் இதயம் நின்றுவிடும். துடிப்பு தடுமாறியபோதெல்லாம், "பாட்டில இறக்குடா கண்ணு" என்றாள்.

"அம்மா, is she dying?"

"இல்லடா. நான் இருக்கேன்ல."

கால் மணி நேரம் போனது. மாட்டின் தோல் சிலிர்த்தது. பெரிய ஏப்பம் ஒன்று விட்டது. காய்ந்த மூக்கில் முத்து முத்தாக ஈரம் பூத்தது. பிறகு பின்னங்கால்களை ஊன்றி, தள்ளாடி, இளமாறனையும் இழுத்துக்கொண்டு எழுந்தே நின்றது. அப்படியே சுற்றித் திரும்பி அவன் காலணி நிறையச் சாணி போட்டது. மார்த்தா அழுதுகொண்டே சிரித்தாள். வான்மதி சட்டையெல்லாம் வைக்கோலும் மாட்டு முடியுமாக அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மதியம் டாக்டர் மலையின் மறுபக்க மண்சாலை வழியாகத் தன் டிரக்கில் வந்தார். மாட்டைச் சோதித்தார். ஊசி போட்ட இடத்தைத் தடவிப் பார்த்தார். துளி வீக்கம் இல்லை.

"எங்கே படித்தீர்கள்?"

"நாமக்கல்."

"அந்த ஊர் எங்கிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்" என்றவர், லைசென்ஸ் பரீட்சைக்குப் பரிந்துரைக் கையெழுத்தோ பயிற்சியோ வேண்டுமானால் வரச் சொல்லி, தன் எண்ணை எழுதிக் கொடுத்தார். பிறகு வேலியோரம் நொண்டிக்கொண்டிருந்த இன்னொரு மாட்டைக் காட்டி வான்மதியிடம் கேட்டார்.

"டாக்டர், அதன் குளம்பையும் பார்த்துவிடலாமா?"

வான்மதி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். வேலிக்கு வெளியே மலையேறிகள் நாலைந்து பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களிடம் ஓவியா யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தாள்: "That's my mom. She's a cow doctor."

இளமாறன் சாணிக் காலணியைக் கழுவக்கூட மறந்து, மகள் சொன்னதையே அவர்களிடம் இன்னொரு முறை சொன்னான்.