வேலிக்கு எந்தப் பக்கம்

இன்னும் பத்து நிமிடத்தில் சவப்பெட்டியை மூடிவிடுவார்கள். ரோவீனா கைக்குட்டையின் முனையை நாக்கில் நனைத்து அப்பாவின் வலது கை நகங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முகத்துக்குப் பவுடர் போட்டு, டையை நேராகக் கட்டிவிட்டிருந்த ஆட்கள் நகக்கண்களைச் சரியாகப் பார்க்கவில்லை. உள்ளே மஞ்சள் களிமண் கோடு கோடாக நின்றது. துடைக்கத் துடைக்கப் போகவில்லை.

அதுதான் அவளை உறுத்தியது. ஆர்லன் காஸ் முப்பது வருஷம் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்த்தவர். வேலையில் இருந்தபோதும் சரி, ஓய்வு பெற்ற பிறகு உலோகம் தேடும் கருவியோடு வயல்களில் நடக்கும்போதும் சரி, கையுறை இல்லாமல் மண்ணைத் தொட்டதே கிடையாது. செவ்வாய்க்கிழமை காலை கல்லறைத் தோட்டத்துப் பின்வேலி ஓரம், அந்தக் கருவி பக்கத்தில் கிடக்க, இதயம் நின்று செத்துக் கிடந்தார். கையுறைகள் கோட்டுப் பையில் மடித்தபடி இருந்ததாக மருத்துவமனையில் கொடுத்த உடைமைப் பட்டியல் சொன்னது.

"வேலிக்கு எந்தப் பக்கம் கிடந்தாரு?"

பின்னாலிருந்து குரல் வந்தது. எண்பத்திரண்டு வயது வெர்னா ஹாக். தடியை ஊன்றிக்கொண்டு, ஆர்லனின் முகத்தைப் பார்க்காமல் கைகளை மட்டும் பார்த்தார்.

"வெளிப்பக்கம், மிஸஸ் ஹாக். டெல்பர்ட்தான் முதல்ல பாத்தாரு, அவர் அப்படித்தான் சொன்னாரு."

"டெல்பர்ட் சொன்னாரா!" வெர்னா மூக்கை உறிஞ்சினார். "என் புருஷன் கல்லறைக் கல்லுல பதிச்சிருந்த வெண்கல முத்திரை ஆகஸ்ட் மாசம் காணாமப் போச்சு. பட்டாளத்துல கொடுத்தது. அதுக்கு முந்தின வாரம்தான் உங்கப்பா அந்த மிஷினத் தூக்கிக்கிட்டு அலைஞ்சத நான் பாத்தேன். செத்தவரப் பத்திப் பேசக் கூடாதுதான். இருந்தாலும் கேக்கறேன்."

ரோவீனா கைக்குட்டையைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். கோபம் வரவேண்டிய இடத்தில் பயம்தான் வந்தது. ஊர்ப் பேச்சு காதில் விழுந்து, நேற்று அப்பாவின் கராஜ் முழுக்கத் தேடியவளே அவள்தான். பழைய காசு, குதிரை லாடம், துருப்பிடித்த சாவி என்று டப்பா டப்பாவாக இருந்தன. வெண்கல முத்திரை இல்லை. இல்லை என்பதால் மட்டும் மனம் அடங்கிவிடவில்லை.

அடக்கம் முடிந்தது. கூட்டம் தேவாலயத்துச் சாப்பாட்டுக்குக் கலைந்துபோனது. டெல்பர்ட் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்தக் கல்லறைத் தோட்டத்தை இருபது வருஷமாகப் பார்த்துக்கொள்பவர். அப்பாவை முதலில் கண்டவர். ரோவீனா நேரே அவரிடம் போனாள்.

"எங்கப்பா உள்ள கிடந்தாரா? நீங்க வெளிய இழுத்துப் போட்டீங்களா?"

"போலீஸ்ல எல்லாம் சொல்லிட்டேனேம்மா."

"அவர் நகத்துல மண்ணு இருக்கு, டெல்பர்ட். வெறுங்கையால எதையோ தோண்டியிருக்காரு. எதத் தோண்டினாரு? உங்களுக்கும் அதுல பங்கு இருக்கா?"

டெல்பர்ட் குழாயை மூடினார். அடிபட்டவர் போல அவளைப் பார்த்தார். பிறகு, "வா" என்று பின்வாசல் வழியாக நடந்தார்.

வேலிக்கு அப்பால் சோள வயல் தொடங்கும் வரை ஒரு துண்டுப் புல்வெளி. கல் கிடையாது, சிலுவை கிடையாது.

"வெளியிலதான் கிடந்தாரு. நான் பொய் சொல்லல. ஆனா வெளிய இருந்தா கல்லறை இல்லைன்னு யாரு சொன்னது?" டெல்பர்ட் தொப்பியைக் கழற்றினார். "அந்தக் காலத்துல ஆஸ்பத்திரில செத்துப் பிறக்கற குழந்தைகள அம்மா அப்பா கையிலயே கொடுக்க மாட்டாங்க. கவுன்ட்டி நிர்வாகத்து ஆளுங்க மரப்பெட்டில வெச்சு இங்க கொண்டாந்து புதைச்சிருவாங்க. ஒன்றரை அடி ஆழம் இருந்தா அதிகம். எது யாருதுன்னு எழுதி வெக்கல. உனக்கு முன்னால ஒரு பையன் பிறந்தானே, தெரியுமா?"

ரோவீனாவுக்குத் தெரியாது. ஐம்பத்திரண்டு வயதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

"உங்கம்மா தன்னோட பித்தளை ஊக்கு ஒண்ண நர்ஸ்கிட்ட கொடுத்து, பிள்ளையோட வெக்கச் சொல்லியிருக்காங்க. உங்கம்மா இறந்து போனதும்தான் ஆர்லன் அந்த மிஷினையே வாங்கினாரு. நாலு வருஷம் இங்க நடந்தாரு. மிஷின்ல சத்தம் வந்தா நிப்பாரு, தொப்பியக் கழட்டுவாரு, போயிருவாரு. பதினோரு இடத்துல சத்தம் வந்துச்சு. எது அவனோடதுன்னு தோண்டாமத் தெரியாது. தோண்டினா மத்தவங்க பிள்ளையயும் கலைக்கணும். அது தப்புன்னு அவரே எனக்குச் சொல்லியிருக்காரு."

"அப்புறம்?"

"தோண்டிட்டாரு. செவ்வாய்க்கிழமை. கொத்துக்கரண்டியக்கூட எடுக்கல, வெறுங்கைதான்." டெல்பர்ட் வயலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உள்ளங்கைல ஒண்ணப் பிடிச்சிருந்தாரு. நான்தான் விரலப் பிரிச்சேன். ஊக்கு இல்ல. வெள்ளிக் காப்பு, இத்தனூண்டு. 'டேல்'னு பேர் வெட்டியிருந்துச்சு."

"என் அண்ணன் பேரா?"

"உங்கண்ணனுக்குப் பேரே வெக்கல. அது வேற யாரோட பிள்ளையோ."

காற்றில் சோளத் தட்டைகள் உரசிக்கொண்டன. ரோவீனாவுக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்கத் தோன்றியது.

"அப்பா அதப் படிச்சாரா?"

டெல்பர்ட் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். "படிக்கற கண்ணாடி போட்டிருந்தாரு" என்றார்.

வேலிப் பக்கம் திரும்பி, "காப்ப இருந்த இடத்துலயே வெச்சு மூடிட்டேன். அப்புறம்தான் ஆம்புலன்சக் கூப்பிட்டேன். உடம்பு ஜில்லுன்னு இருந்துச்சு, அவசரத்துக்கு ஒண்ணுமில்ல" என்றார். வேலியின் மூன்றாவது கம்பத்தருகே, ஒரு முள்செடிக்குப் பக்கத்தில், இன்னும் சரியாகப் படியாத புல்லைக் கண்ணால் காட்டினார். "வெண்கலத்த எடுத்தவன் லாரில வந்தவன். டயர் தடத்த நான் பாத்தேன். வெர்னா நம்பல."

வாசலில் வெர்னா தனியாக நின்றிருந்தார். அவரை அழைத்து வந்தவர்கள் மறந்து போய்விட்டிருந்தார்கள். ரோவீனா தன் கார் கதவைத் திறந்துவிட்டாள். சாலை வேலியைச் சுற்றிப் பின்பக்கமாகத்தான் போகும்.

"மிஷின் கொண்டு வரக் கூடாதுன்னு வாசல்ல போர்டு வெக்கச் சொன்னதே நான்தான்" என்றார் வெர்னா. "அந்தச் சத்தத்தக் கேட்டாலே, இங்க தோண்டிருவாங்களோன்னுதான் எனக்குத் தோணும். வெண்கலத்துக்காகன்னு எல்லாரும் நினைச்சாங்க. உள்ள படுத்திருக்கறவங்களுக்குக் கல் இருக்கு, பேர் இருக்கு, கேக்க ஆள் இருக்கு. இந்தப் பக்கம் இருக்கறதுகளுக்கு யாரு இருக்கா?"

ரோவீனா சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள்.

"என் டேல் இங்கதான் எங்கயோ இருக்கான். என் சித்தி முன்னாடியே பேர் வெட்டி வாங்கி வெச்ச காப்ப நர்ஸ்கிட்ட கொடுத்து, போட்டு அனுப்பச் சொன்னேன். எங்க வெச்சாங்கன்னு சொல்லல. ஐம்பத்தேழு வருஷமா ரோட்டுல நின்னுதான் பாக்கறேன்."

கார் மெல்ல வேகம் குறைந்து புல் ஓரத்தில் நின்றது.

"ஏன் நிறுத்திட்டே?"

ரோவீனா வாயைத் திறந்தாள். அப்பாவின் விரல்கள் நினைவுக்கு வந்தன. வாயை மூடிக்கொண்டாள். இன்ஜினை அணைத்துவிட்டு, சுற்றி வந்து மறுபக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"கொஞ்சம் இறங்கி நடக்கலாமா, மிஸஸ் ஹாக்?"

வெர்னா அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தார், கைக்கு வந்த காசு நல்லதா என்று உற்றுப் பார்ப்பவர் போல. பிறகு கையை நீட்டினார். ரோவீனா அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். தடி ஒவ்வொரு அடிக்கும் மண்ணில் புதைந்து புதைந்து எழுந்தது. முதல் கம்பம் கடந்தது. இரண்டாவது கம்பம். மூன்றாவதின் அருகே முள்செடி தெரிந்தது.

"கொஞ்சம் இடது பக்கமா வாங்க" என்றாள் ரோவீனா. "இங்க ஈரமா இருக்கு."

வெர்னா தரையைப் பார்த்தார். ஈரம் எல்லா இடத்திலும் ஒன்றுபோலத்தான் இருந்தது. இடது பக்கம், முள்செடியை நோக்கித் திரும்பினார்.